ஒரே சட்டிக் குழம்பும் இரண்டு அளவீடுகளும்

ஒரே அடுப்பில், ஒரே சட்டியில் கொதித்த குழம்பைக் கணவரும் மனைவியும் சாப்பிடுகிறார்கள். இரண்டே வாரத்தில் கணவருடைய இரத்த அழுத்தம் இறங்குகிறது. மனைவியுடையது அசையவில்லை. அப்படியானால் மனைவி பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட எனக்கு உரிமை கொடுத்தது எது?

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில், நான் என் கையால் எழுதிய அட்டையை ஒரு டாக்டர் என்னிடமே வாசித்துக் காட்டியபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது. அதுவரை நான் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. களப்பணிக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த நிலைமைக்கு வராமல் இருக்க வேண்டும் என்பதற்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

1. சிவப்புக் கரண்டி

ஊட்டச்சத்தியலில் பட்டம் பெற்ற நான், ஒரு தொண்டு நிறுவனத்தின் நடமாடும் மருத்துவ வேனில் நலக்கல்வியாளராக வேலை செய்கிறேன். வியாழக்கிழமைதோறும் எங்கள் வேன் திண்டுக்கல் பக்கத்து ஆத்தூருக்குக் கிழக்கே உள்ள ஒரு ஊரில், ரேஷன் கடை முன்னால் நிற்கும். ஊரில் பாதிப்பேர் கத்தோலிக்கர்கள், பாதிப்பேர் இந்துக்கள். எல்லாருக்கும் பிழைப்பு மல்லிகைத் தோட்டம்தான்.

வருகிறவர்களுக்கு பிரஷர் பார்ப்பது, சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பது, அதை நோயாளியின் அட்டையில் எழுதுவது ஆகியவை என் வேலை. அட்டையில் 'உணவுக் கட்டுப்பாடு' என்று ஒரு வரி உண்டு. அதில் 'கடைப்பிடிக்கிறார்', 'கடைப்பிடிக்கவில்லை' என்று இரண்டு கட்டங்கள். நான் ஏதாவது ஒன்றில் டிக் அடிப்பேன். வேனில் வருகிற டாக்டரம்மா அதைப் பார்த்து மாத்திரை எழுதுவார். இரண்டு மணி நேரத்தில் அறுபது பேரைப் பார்க்கிற அவருக்கு என் ஒரு டிக்கை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நம்பிக்கையின் எடை எவ்வளவு என்பதை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு மறுநாள் வேன் அந்த ஊருக்குப் போனது. நானும் திண்டுக்கல்லில் ஒரு கத்தோலிக்க ஆசிரியர் வீட்டில் பிறந்தவள். தவக்காலத்தில், அதாவது பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளில், இறைச்சியை விடுவார்கள், காபியை விடுவார்கள், வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு ஒறுத்தல் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. கூடியிருந்தவர்களிடம், "இந்தத் தவக்காலத்துக்கு எல்லாரும் உப்பைக் குறைங்க. அதுவே உங்க ஒறுத்தலா இருக்கட்டும்" என்றேன். வீட்டுக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்குத் தலைதட்டி ஒரு கரண்டி, அதற்குமேல் கூடாது. வெயில் காலம் என்பதால், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றும் சொல்லிவைத்தேன்.

இந்து வீட்டுப் பெண்களும் கரண்டி வாங்கிக்கொண்டார்கள். பூப்பறிக்கிற பஞ்சவர்ணம் கரண்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டுக்காணு கரண்டியா? எங்க வீட்டுக்காரரு மோருக்கே இதுல மூணு போடுவாரு, மேடம்."

அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்கு 'உப்பு மேடம்' என்று பெயர். வேன் வந்து நின்றதும், "ஏடி, உப்பு மேடம் வந்துருச்சு, ஊறுகாய உள்ள வையி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

2. மூன்றாம் வியாழன்

சவரிமுத்துவுக்கு அறுபத்து மூன்று வயது. அவர் மனைவி ஆரோக்கியமேரிக்கு ஐம்பத்தெட்டு. சொந்தமாக அரை ஏக்கர் மல்லிகை. இருள் பிரியும்போது இருவரும் தோட்டத்தில் இறங்கினால் மொட்டு பறித்து முடிக்க வெயில் ஏறிவிடும். கரண்டி கொடுத்த முதல் வியாழன் சவரிமுத்துவுக்கு 168/100, மேரிக்கு 162/96. இருவருக்கும் டாக்டரம்மா ஏற்கெனவே ஒரே மாத்திரைதான் எழுதியிருந்தார்.

மூன்றாம் வியாழன் அவருக்கு 144/88. நான் இரண்டு தடவை பார்த்தேன், மாறவில்லை. வரிசையில் நின்றவர்களிடம் அவரைக் காட்டி, "பாருங்க, இவர் செய்து காட்டிட்டார்" என்றேன். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்து மேரி உட்கார்ந்தார். 162/98.

பட்டையைக் கழற்றி மறுகையில் கட்டினேன். 160/98.

"அம்மா, உப்பைக் குறைச்சீங்களா?"

"குறைச்சேன் மேடம். நீங்க குடுத்த கரண்டிதான். ரெண்டு பேருக்கும் ரெண்டு கரண்டி, அதுக்கு மேல ஒரு கல்லு போடல."

"அவருக்கு இறங்கியிருக்கு. உங்களுக்கு மட்டும் இறங்கலையே?"

"அது என்னமோ எனக்கு என்ன தெரியும்?"

"கருவாடு? ஊறுகாய்? அப்பளம்?"

"தவக்காலத்துல கருவாடா?"

சவரிமுத்து சிரித்துக்கொண்டே இடையில் புகுந்தார். "நான் தோட்டத்துல மருந்தடிக்கிற நேரமாப் பாத்து ஒளிச்சு வச்சுத் திங்கிறாளோ என்னமோ. அவ ஆத்தா வீட்டு வழக்கம் அப்படி."

வரிசை முழுவதும் சிரித்தது. மேரி சிரிக்கவில்லை. நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

"அம்மா, மிஷின் பொய் சொல்லாது" என்றேன். அவர், "அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்க" என்று கேட்டுவிட்டு எழுந்து நின்றார்.

'கடைப்பிடிக்கவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அதோடு நில்லாமல், 'உப்பு குறைக்கவில்லை. மறைக்கிறார்' என்று பக்கத்தில் எழுதியும் வைத்தேன். டாக்டரம்மா அதைப் படித்தார். உப்பு நிறையச் சாப்பிடுகிறவர்தானே என்ற கணக்கில், உடம்பிலிருக்கும் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிற ஒரு மாத்திரையைக் கூடுதலாக எழுதினார். களத்தில் அதை நீர் மாத்திரை என்போம்.

நாலாம் வியாழன் மேரி வரவில்லை. சவரிமுத்து தனியாக வந்து இருவருக்கும் மாத்திரை வாங்கிப் போனார். பிடிபட்டுவிட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஐந்தாம் வியாழன்

அன்றைக்கும் சவரிமுத்து தனியாகத்தான் வந்தார். 140/86. முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"அவுக வரலையா?" என்று எங்கள் ஓட்டுநர் பாண்டி கேட்டார்.

"நாலு நாளா தலவலி, குமட்டல்னு கெடந்தா. இன்னிக்குத் தோட்டத்துக்கு வந்தவ பறிச்ச மொட்டைத் தரையில கொட்டிட்டு வெறுங்கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு நடக்குறா. என்னாடின்னா பதில் இல்ல. வீட்டுல படுக்க வச்சுட்டு வாரேன். செத்த நேரம் தூங்கினா சரியாயிரும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சவர்ணம் தெருவில் ஓடி வந்தார். "சவரியண்ணே, மேரியக்கா என்னைய யாருன்னு கேக்குது!"

நாங்கள் ஓடினோம். டாக்டரம்மா அன்று வேறு ஊர் முகாமுக்குப் போயிருந்தார். மருத்துவ அறிவு கொஞ்சமாவது உள்ள ஒரே ஆள் நான்தான்.

மேரி பாயில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, பார்வை யார்மேலும் நிற்கவில்லை. பக்கத்தில் வாந்தி. ஒரு பெரிய தண்ணீர்க் குடம் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. நான் பிரஷர் பார்த்தேன். 152/92. இப்படிக் கிடப்பவருக்கு ஒன்று மிக ஏறியிருக்க வேண்டும், அல்லது மிக இறங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அந்த எண்ணிலிருந்து எதுவும் தெரியவில்லை. பொய் சொல்லாது என்று நான் சொன்ன அந்த மிஷின், வாயைத் திறக்கவே இல்லை.

பஞ்சவர்ணம் ஒரு செம்பில் நீராகாரத்தை ஊற்றி அதில் போடக் கைநிறைய உப்பை அள்ளினார். "ஒடம்புல உப்பில்ல மேடம். பூப்பறிக்கிறவுக வேர்வையா ஊத்துறோம். ரெண்டு வாரமா நீராகாரத்துக்குக்கூட உப்புப் போடாமக் குடிச்சுச்சு. நான் தெனமும் பாத்தேன்."

"உப்பு வேண்டாம், பிரஷர் இருக்கு!" என்று கத்தினேன்.

மயங்கிக் கிடப்பவருக்கு வாய்வழியாக எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஆகையால் நான் தடுத்தது சரி. தடுக்க நான் சொன்ன காரணம் தவறு. நோய் என்ன என்பதை அந்த வீட்டில் அப்போது சரியாகச் சொன்னவர் பஞ்சவர்ணம் ஒருவர்தான். அவர் சொன்னதை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

பக்கவாதமாக இருக்கும் என்று எண்ணி வேனில் ஏற்றினோம். செம்பட்டி தாண்டும்வரை மேரி எதையோ முனகிக்கொண்டிருந்தார். சின்னாளபட்டி நெருங்கும்போது அவருடைய இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு உடம்பு முழுவதும். நானும் பஞ்சவர்ணமும் அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டோம். பாண்டி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சவரிமுத்து மனைவியின் காலைப் பிடித்தபடி, "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

4. அட்டை வாசிக்கப்பட்டது

வலிப்பை ஊசி போட்டு நிறுத்தினார்கள். இரத்தம் எடுத்தார்கள். சற்று நேரத்தில் பணியிலிருந்த இளம் டாக்டர் ஒரு கையில் முடிவுச் சீட்டும் மறுகையில் எங்கள் அட்டையுமாக வந்தார்.

"இரத்தத்துல சோடியம், அதான் உப்பு, நூத்திப் பதினாலு. நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். இது ரொம்ப ஆபத்தான அளவு" என்றார். பிறகு அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஆனா இதுல பாருங்க. 'உப்பு குறைக்கவில்லை. மறைக்கிறார்'. உப்பு நல்லாச் சாப்பிடுற ஆளுக்கு இம்புட்டு எறங்கக் காரணம் வேற எங்கயோ இருக்கு. தலையில கட்டியா, நெஞ்சுல ஏதாவதா, தேடணும். மொதல்ல ஸ்கேனுக்கு அனுப்புறேன்."

ஸ்கேன் அடுத்த கட்டடத்தில். அங்கே ஏற்கெனவே நாலு பேர் காத்திருந்தார்கள். மேரியின் தள்ளுவண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்க முடியும். யாருக்கும் தெரிந்திருக்காது. நிறுவனத்தின் பெயர், என் வேலை, பக்கத்தில் நிற்கிற சவரிமுத்து, எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. கூடவே அந்தக் காலிக் குடமும், உப்பில்லாத நீராகாரமும், நான் எழுத வைத்த நீர் மாத்திரையும் வரிசையாக வந்து நின்றன.

"டாக்டர், அது தப்பு" என்றேன். "அதை எழுதினது நான். விசாரிக்காம எழுதினேன். இவங்க உப்பைக் குறைச்சிருந்தாங்க. நான் நம்பலை."

அவர் சவரிமுத்துவைப் பார்த்தார். "வீட்டுல என்ன சாப்பிட்டாங்க?"

"எனக்குக் கரண்டி உப்பு சார். அவளுக்கு ஒண்ணுமே இல்ல. மேடம் அன்னிக்கு அப்படிச் சொன்னதுலருந்து அவ கொழம்ப உப்புப் போடுறதுக்கு முந்தியே தனியாத் தட்டுல ஊத்திக்குவா. 'பொய்க்காரின்னு பேரெடுத்துட்டு நான் பாஸ்காப் பூசைக்குப் போக மாட்டேன். அடுத்த தடவ மிஷினே சொல்லட்டும்'னா. தண்ணி மட்டும் குடம் குடமாக் குடிச்சா, மேடம் சொல்லுச்சேன்னு."

"நீர் மாத்திரை?"

"ஒரு நாள் விடல சார்."

டாக்டர் தள்ளுவண்டியை நிறுத்தினார். "உப்பே இல்ல, அதுக்கு மேல நீர் மாத்திரை, வெயில்ல வேர்வை, வெறும் தண்ணி. போதும், காரணம் கெடச்சிருச்சு. ஸ்கேன் அப்புறம் பாக்கலாம், டிரிப்ப ஆரம்பிங்க சிஸ்டர்." என்னிடம் திரும்பி, "இதையும் வேகமா ஏத்த முடியாதுங்க. ஏத்தினா மூளைக்குக் கேடு. சொட்டுச் சொட்டாத்தான். பொழைச்சா உங்க புண்ணியம், அந்த வரி தப்புன்னு நீங்களே சொன்னதுக்கு" என்றார்.

புண்ணியம் என்ற சொல் அன்று எனக்குப் பொருந்தவில்லை.

சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினெட்டு. மறுநாள் காலை நூற்று இருபத்திரண்டு. சவரிமுத்து வாசலை விட்டு நகரவில்லை. ஒருமுறை மட்டும் என்னிடம் பேசினார். கோபத்தோடு பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"முப்பத்தஞ்சு வருசமாத் தெரியும் மேடம் எனக்கு அவள. அவ பொய் சொல்ல மாட்டா. தெரிஞ்சுக்கிட்டே அன்னிக்கு வரிசையில நானும் கேலி பண்ணிட்டேன். உங்களுக்காச்சும் மூணு வாரப் பழக்கந்தான்."

மூன்றாம் நாள் மேரி கண் விழித்து ஆளை அடையாளம் கண்டார். முதலில் கணவரிடம், "செடிக்குத் தண்ணி பாய்ச்சுனீங்களா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன மேடம், இப்பவாச்சும் மிஷின் சொல்லிருச்சா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். "அந்த அட்டையில அடிச்சு எழுதுங்க. நான் பாக்கணும்" என்றார். அவர் கண் முன்னாலேயே அடித்து எழுதினேன்.

5. துணைக்குச் சாப்பிட்ட உப்பு

அடுத்த வாரம் டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் பேசினார். "உங்க ஒரு வரியை நம்பி இரத்தம் சோதிக்காம நீர் மாத்திரை எழுதினேன். இதுல பாதி என் தப்பு" என்று தொடங்கினார். உப்பைக் குறைத்தால் பெரும்பாலோருக்கு இரத்த அழுத்தம் இறங்கும், ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இறங்காது என்று விளக்கினார். சிலருடைய சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதோடு நீரும் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அவர்களுக்கு உப்பைக் குறைத்ததும் பலன் தெரியும். வேறு சிலருடைய சிறுநீரகம் மிஞ்சிய உப்பை அவ்வப்போது வெளியே தள்ளிவிடுகிறது. அவர்களுடைய அழுத்தத்துக்கு வேறு காரணம் இருக்கலாம். வயது, சர்க்கரை நோய், சிறுநீரகத்தின் நிலை, பரம்பரை வாகு எல்லாம் இதில் சேரும். முகத்தைப் பார்த்து யார் எந்த வகை என்று சொல்ல முடியாது. குறைத்துப் பார்த்து, அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் பாதி என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அதற்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. உப்பை விட்டால் வலிப்பு வருமாம். சிவப்புக் கரண்டிகள் கோழித் தீவனம் அள்ளப் போயின. நான் செய்த தவறு ஒருவரோடு நிற்காது என்பது அப்போதுதான் உறைத்தது. மேரி ஒருவருக்கு ஆன கேட்டைக் காட்டி, உப்பைக் குறைத்து நலம் பெறக்கூடிய நாற்பது பேர் அதைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்கா முடிந்த மூன்றாம் வியாழன் சவரிமுத்து வந்து உட்கார்ந்தார். 170/102.

"என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன். இந்த முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பின்னால் நின்ற மேரி முன்னுக்கு வந்தார். உடம்பு இளைத்திருந்தது, குரல் இளைக்கவில்லை.

"நான் சொல்றேன் மேடம். கருவாடு, ஊறுகா, மோருக்கு உப்பு, எல்லாந்தான். நான் விழுந்ததுலருந்து இவருக்குப் பயம். ஏங்க, நான் விழுந்ததுக்கு நீங்க எதுக்கு உப்பத் திங்கிறீங்க? துணைக்கா?"

வரிசை சிரித்தது. இம்முறை மேரியும் சிரித்தார். சவரிமுத்து, "நீ பட்ட பாட்டப் பாத்துட்டு கொழம்பு வெஞ்சனத்துல உப்பு கம்மின்னா கையி தன்னால உப்புச் சாடிக்குப் போவுதுடி" என்றார்.

நான் எழுந்து நின்றேன். மேரியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவருடைய அட்டையை எல்லாருக்கும் வாசித்தேன். நான் எழுதிய வரி, அடித்த வரி, மருத்துவமனையில் வந்த எண், எல்லாவற்றையும். உப்பைக் குறைத்ததால் மட்டும் அவர் விழவில்லை என்பதையும் சொன்னேன். அறவே விட்டது, நீர் மாத்திரை, வேர்வை, வெறும் தண்ணீர், அதற்கெல்லாம் மேலே என் சந்தேகம், இத்தனையும் சேர்ந்துதான் அவரை வீழ்த்தின. பிறகு சவரிமுத்துவின் அட்டையைக் காட்டினேன். 168. கரண்டி பிடித்தபோது 140. விட்டபோது 170.

பஞ்சவர்ணம்தான் முதலில் பேசினார். "அப்ப ஆளுக்கு ஆளு வேற வேறயா? அப்ப என்னுது எப்படின்னு எப்படித் தெரியும்?"

"அளந்து பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்க்கா. எனக்கும் தெரியாது" என்றேன்.

அந்தக் களத்தில் 'எனக்கும் தெரியாது' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்த வியாழன் ஒன்பது பேர் புதிதாகக் கரண்டி கேட்டார்கள். கோழித் தீவனக் கரண்டி போதுமா, கழுவிக்கொள்ளட்டுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

இப்போது மேரிக்கு நீர் மாத்திரை இல்லை. வேறு வகை மாத்திரையில் 136/84 நிற்கிறது. தலைதட்டி ஒரு கரண்டி உப்பு சாப்பிடுகிறார். வெயிலில் பூப்பறிக்கிற நாளில் நீராகாரத்துக்கு ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ள டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சவரிமுத்து மறுபடி கரண்டிக்கு வந்து 142-இல் இருக்கிறார். அவர்கள் வீட்டில் சட்டி இன்றும் ஒன்றுதான்.

எங்கள் வேனில் இரத்தச் சோதனை இல்லாமல் யாருக்கும் நீர் மாத்திரை தொடங்குவதில்லை. உப்பைக் குறைக்கச் சொல்வதற்கு முன், வெயிலில் எத்தனை மணி நேரம் வேலை, என்ன மாத்திரை, எவ்வளவு தண்ணீர் என்று மூன்றையும் கேட்கிறோம். அட்டையில் 'கடைப்பிடிக்கவில்லை' என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் 'நோயாளி சொன்னது' என்று ஒரு வரி இருக்கிறது. அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதி, அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிய பிறகுதான் அட்டையை டாக்டரம்மாவிடம் கொடுக்கிறேன்.